ஏல எண் 217

அட்டவணையில் நான் எழுதியது இவ்வளவுதான்:
ஒரு ரூபாய், செம்பு நிக்கல்,
எடை ஆறு கிராமுக்கு இம்மி குறைவு,
அச்சுப்பிழை, விளிம்பில் கீறல்.
ஆண்டு தெரியவில்லை.

எப்படித் தெரியும்?
முன்னால் அடிபட்ட காசு
அச்சைவிட்டு இறங்க மனமில்லாமல்
அங்கேயே ஒட்டிக்கொண்டது.
அடுத்து வந்த இதன்மேல்
அச்சுக்குப் பதில் அது இறங்கியது.
ஒரு பக்கம் சிங்கங்கள் புடைத்து நிற்க
மறுபக்கம் அதே சிங்கங்கள்
பள்ளத்துக்குள், இடம் வலம் மாறி.
ஒன்று என்ற எண் இல்லை, வருடம் இல்லை.
பூவா தலையா போட்டால்
பூ கேட்டவன் ஒருநாளும் ஜெயிக்க மாட்டான்.

உடைமை வரலாற்றில் முதல் பெயர்
கோதண்டம், நடத்துநர், 29சி.
மழைநாள் நெரிசலில் யாரோ நீட்டியதைப்
பார்க்காமல் பையில் போட்டிருக்கிறார்.
ராத்திரி டிப்போவில் கணக்கு முடிக்கையில்
காசாளர் ஒற்றை விரலால் ஒதுக்கினார்.
செல்லாது.
ஈயமோ என்று விசில் முனையால் கீறிப் பார்த்துவிட்டுச்
சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் கட்டினார்.
இதற்குக் கிடைத்த முதல் விலை அதுதான்.
கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது,
மண்ணடி ஹமீது சுல்தான் பின்னாளில் தேடிப்போய் வாங்கியது.

சுல்தான் இருபத்தைந்துக்கு வாங்கினார்.
2004இல் சௌகார்பேட்டை சுகன்சந்த், இரண்டாயிரத்து இருநூறு.
2011இல் அடையாறு டாக்டர் வேதவல்லி, ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
2016 நவம்பரில் மறுபடி ஏலத்துக்கு வந்தது,
ஒருவரும் கை தூக்கவில்லை.
அந்த வாரம் ஊரில் எல்லோர் பீரோவிலும்
செல்லாதது நிறைய இருந்தது.

கோதண்டத்துக்கும் சுல்தானுக்கும் நடுவே
ஐந்து வருடம் காணோம்.
ராயபுரத்தில் டெல்பின் என்பவள் வீட்டில் இருந்ததாம்.
சாட்சியாக டாக்டரம்மா ஒரு எக்ஸ்ரே நீட்டினார்,
காசு கைமாறும்போதெல்லாம் கூடவே வந்தது.
எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, 1991,
ஆண், வயது நான்கு.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
குச்சி குச்சியாய் விலா எலும்புகள்,
அவற்றுக்குக் கீழே வெள்ளையாய் ஒரு வட்டம்.
சிங்கம் தெரியவில்லை. பள்ளம் தெரியவில்லை.
எக்ஸ்ரேயில் எல்லாக் காசும் ஒரே காசுதான்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.
"கதை இருந்தா ரேட்டு ஏறும்மா" என்றார்.
கதைக்கும் காகிதம் வேணும் மேடம் என்றேன்.
கோபித்துக்கொண்டு காபியைக் குடிக்காமல் போனார்.

கதை இல்லாமலே ஏறியது.
முப்பதில் தொடங்கி எண்பத்தாறாயிரம்.
எடுத்தவர் தொலைபேசியில், எண் அறுபத்து மூன்று,
பெயர் வெளியிட விருப்பமில்லை.
நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள்,
இது காசை விற்ற காசு,
அதுவும் சத்தமில்லாமல் வங்கிக்குப் போய்விடும்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது
ஒருவர் வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
துறைமுக எடைமேடையில் வேலை,
லாரிகள் வரிசை நின்றதால் லேட்டாம்.
வாட்ஸப்பில் படம் பார்த்தாராம்.
"எவ்ளோக்குப் போச்சு?"
சொன்னேன்.
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
உறையில் போட்டுக் கட்டியாகிவிட்டது,
இனி காட்ட முடியாது என்றேன்.
பரவாயில்லை என்றார். வாங்கவா வந்தேன் என்றார்.
வாசல் வரை போய்த் திரும்பினார்:
"மூணு நாள் என்கிட்ட இருந்துச்சு மேடம்.
அதைப் போட மாட்டீங்களா?"

அச்சான அட்டவணையில் இடமில்லை.
அலுவலகப் பிரதியில் மட்டும்
கோதண்டத்துக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்:
1991, ராயபுரம், டெல்பின் மகன், மூன்று நாள்.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
விலை என்ற கட்டத்தில்
ஒரு சீப்பு வாழைப்பழம்.